வாரம் ஏழு சொல் போதும்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஆங்கிலக் கட்டுரைகளில் யாருக்கும் சும்மா வியர்ப்பதில்லை. ‘பீட்ஸ் ஆஃப் பெர்ஸ்பிரேஷன்’ நெற்றியில் உருண்டோட வேண்டும். பயம் வந்தால் இதயம் மத்தளம் கொட்ட வேண்டும். எல்லாம் ‘குட் ஃப்ரேஸஸ்’ என்று தலைப்பிட்ட நோட்டிலிருந்து இறங்கியவை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வரை அந்த நோட்டு எப்படியோ ஒப்பேற்றிவிடும். உயர்நிலை 3க்கு வந்ததும் கைவிட்டுவிடும். அங்கே காரணம் சொல்ல வேண்டும், ஒப்பிட வேண்டும், மறுத்துப் பேச வேண்டும், நீண்ட பகுதியை 80 சொற்களில் சுருக்க வேண்டும்.

உடனே பெற்றோர் பதறிப்போய் மூவாயிரம் சொற்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வருவார்கள். பிள்ளை ‘ஏ’ எழுத்தைத் தாண்டுவதற்குள் ஜூன் விடுமுறை முடிந்திருக்கும். அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதன் துணைச்சொல்லோடு கற்றுக்கொள்ளுங்கள். கற்ற வாரத்திலேயே வாயாலும் பேனாவாலும் பயன்படுத்திவிடுங்கள். இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

வீட்டில் ஆங்கிலம் பேசினால் போதாதா?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். அதனால், “எங்க பிள்ளைக்கு இங்கிலீஷ் பிரச்சினையே இல்ல, தமிழ்தான் தகராறு” என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்கலாம். பேச்சு சரளமாக இருந்தால் மொழி முழுக்க வந்துவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல்.

கனடாவில் குடியேறிகளின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுமொழியும் பாடநூல் மொழியும் வெவ்வேறு திறன்கள் என்று 1979ல் எடுத்துக்காட்டினார். முதலாவது இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். புளோக்கின் கீழே நண்பர்களோடு மணிக்கணக்காக ஆங்கிலத்தில் அரட்டையடிக்கும் பிள்ளை, சமூகவியல் தாளில் ‘இன்ஃபர்’ என்று கேட்டால் விழிப்பது இதனால்தான். மறுபக்கம், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பேச்சு தடுமாறினாலும் கருத்து தமிழில் தெளிவாக இருக்கும். அதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஒட்டவைப்பது மட்டுமே மிச்சம். இருவரும் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றே.

இதற்கான பலன் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான கூட்டுப்புள்ளியில் ஆங்கிலம் கட்டாயம் சேரும். தொடக்கக்கல்லூரிக்குப் போனால் ஜெனரல் பேப்பர் காத்திருக்கிறது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக எஸ்இசி என்ற பொதுச் சான்றிதழ் வருகிறது. தேர்வின் பெயர் மாறினாலும் இந்தத் தேவை மாறப்போவதில்லை.

எந்தச் சொற்களை எடுப்பது?

அமெரிக்க ஆய்வாளர்கள் ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் மூவரும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு, எல்லாருக்கும் தெரிந்த அன்றாடச் சொற்கள். மூன்றாம் அடுக்கு, ‘ஐசோடோப்’ போன்ற துறைச்சொற்கள். அவற்றை வேதியியல் ஆசிரியரே கற்றுக்கொடுத்துவிடுவார். நடுவில் இருக்கும் இரண்டாம் அடுக்குதான் அனாதை. ‘அஸ்யூம்’, ‘எவிடன்ஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘கன்டெக்ஸ்ட்’ போன்றவை எல்லாப் பாடங்களிலும் வரும். ஆங்கில ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று அறிவியல் ஆசிரியர் நினைப்பார். அறிவியல் வகுப்பில் வந்திருக்கும் என்று ஆங்கில ஆசிரியர் நினைப்பார். கடைசியில் யாருமே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த நடு அடுக்குக்கு நல்ல பட்டியல் ஒன்று உண்டு. நியூசிலாந்தின் வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆவரில் காக்ஸ்ஹெட், கல்விசார் நூல்களிலும் கட்டுரைகளிலும் இருந்து 35 லட்சம் சொற்களைத் தொகுத்து அலசி, 2000ஆம் ஆண்டில் ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’டை வெளியிட்டார். அதில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒரு பள்ளி ஆண்டுக்கு நான்கு தவணை, தவணைக்குப் பத்து வாரம். உயர்நிலை 3, 4 இரண்டும் சேர்ந்தால் 80 வாரம். வாரம் ஏழு சொற்குடும்பம் வீதம் 560 ஆகிறது. கடைசித் தவணையைத் தேர்வு விழுங்கிவிடும் என்றால், டிசம்பர் விடுமுறையில் அதை ஈடுகட்டலாம். மலைப்பாகத் தெரிந்த வேலை இப்போது கைக்குள் அடங்கிவிட்டது.

குடும்பம் என்பதை மறக்காதீர்கள். ‘அனலைஸ்’ கற்கும்போதே ‘அனாலிஸிஸ்’, ‘அனலிஸ்ட்’, ‘அனலிட்டிகல்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் முதல் அசையில் விழும் அழுத்தம் ‘அனாலிஸிஸ்’ஸில் இரண்டாவதற்கும் ‘அனலிட்டிகல்’லில் மூன்றாவதற்கும் நகர்கிறது. எழுத்தில் தெரிந்த சொல் வாய்மொழித் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

துணைச்சொல் இல்லாமல் எடுக்காதீர்கள்

சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியம் இடறுகிறதா? அதன் துணைச்சொல் தெரியவில்லை என்று பொருள். ‘டெட்லைன்’ தெரியும். ஆனால் அதை ‘மீட்’ செய்ய வேண்டும். ‘த்ரெட்’ தெரியும். ஆனால் அது ‘போஸ்’ ஆகும். ‘பேலன்ஸ்’ என்றால் ‘ஸ்டிரைக்’. ‘அவேர்னஸ்’ என்றால் ‘ரெய்ஸ்’. இந்த இணைகளுக்கு இலக்கண விதி கிடையாது. பழக்கம்தான் விதி.

நல்ல செய்தி என்னவென்றால், இங்கே படிக்கும் பெரும்பாலான மாணவர்கள் இப்படிச் சில இணைகளைப் பல ஆண்டுகளாகக் காலையில் வாய்விட்டுச் சொல்லி வருகிறார்கள். தேசிய உறுதிமொழியைத்தான் சொல்கிறேன். 1966 பிப்ரவரியில் கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கேட்டுக்கொண்டதன் பேரில் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் அதை எழுதினார். பிரதமர் லீ குவான் யூ அதைத் திருத்தினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று பள்ளிகளில் முதன்முறையாகச் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தில் மொத்தம் 38 சொற்கள், ஒரே வாக்கியம். ‘ரிகார்ட்லெஸ்’ வந்தால் ‘ஆஃப்’ வர வேண்டும், ‘பேஸ்ட்’ வந்தால் ‘ஆன்’ வர வேண்டும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நாக்கு தானாகச் சொல்கிறது. அதில் அகராதியைப் புரட்ட வைக்கும் ஆடம்பரச் சொல் ஒன்றும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு நாட்டின் கொள்கையே அதில் அடங்கிவிட்டது.

எழுதியவரின் பின்னணியும் இங்கே பொருந்தும். ராஜரத்தினம் 1915ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். சட்டம் படிக்க 1935ல் லண்டன் போனார். போரால் படிப்பு முடியவில்லை. அங்கேயே ஆங்கிலத்தில் சிறுகதை எழுதத் தொடங்கினார். ஊர் திரும்பிப் பத்திரிகையாளரானார். ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் பத்தி எழுதிப் பெயர் பெற்ற பிறகே அமைச்சரானார். கதை, செய்தி, பத்தி என்று ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய கைக்குத்தான் அந்த 38 சொற்கள் வசப்பட்டன.

எடை பார்த்து எடுங்கள்

ஒத்த பொருளுள்ள சொற்கள் ஒரே எடை உடையவை அல்ல. சொற்களஞ்சியத்தைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் பொருத்துபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். பயிற்சிக்கு லிட்டில் இந்தியாவை விடச் சிறந்த வகுப்பறை இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் நில்லுங்கள். ‘கிரவ்டட்’ என்றால் கூட்டம் என்ற தகவல் மட்டும். ‘பஸ்லிங்’ என்றால் அந்தக் கூட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. ‘கன்ஜெஸ்டட்’ என்றால் புகார் எழுதப் போகிறீர்கள். சுற்றுலா விளம்பரத்துக்கு இரண்டாவது, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்கு மூன்றாவது. தேக்கா நிலையத்தில் சாப்பாட்டு விலையைப் பாராட்ட ‘அஃபோர்டபிள்’ எழுதுங்கள். ‘சீப்’ எழுதினால் தரமும் மட்டம் என்று படிப்பவர் நினைக்கக்கூடும்.

அடுத்து கெர்பாவ் ரோட்டுக்கு நடங்கள். 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் வண்ணம் வண்ணமாக நிற்கும். ‘கலர்ஃபுல்’, ‘பியூட்டிஃபுல்’ இரண்டையும் தொடாமல் அதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுங்கள். முதலாவது கட்டட ஆய்வாளருக்கு, இரண்டாவது நண்பனுக்கு, மூன்றாவது அதைப் பார்த்தே இராத ஒருவருக்கு. படிப்பவர் மாறும்போது சொல்லும் மாறும். ஆங்கிலத் தாள் 1ல் சூழலுக்கேற்ற எழுத்து என்ற பகுதி சோதிப்பது இதைத்தான். கேம்பல் லேனில் 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போனால், காட்சிப்பொருள்களின் விளக்கக்குறிப்புகளைப் படியுங்கள். இடம் குறைவு என்பதால் குறிப்பு எழுதுபவர் ஒவ்வொரு சொல்லையும் அளந்துதான் வைப்பார்.

மறப்பதற்கு முன் மறுபடி

ஒரே இரவில் ஐம்பது சொல்லைப் படித்தால் அடுத்த வாரம் ஐந்து மிஞ்சினால் அதிகம். படித்தது எப்படி வேகமாகக் கரைகிறது என்பதை ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். அதற்கான மருந்து, இடைவெளிவிட்டுத் திரும்பிப் பார்ப்பது.

செபாஸ்டியன் லைட்னர் 1972ல் சொன்ன அட்டைப்பெட்டி முறை இன்றும் கைகொடுக்கிறது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், அடுத்தடுத்த பெட்டிகளை இடைவெளி கூட்டிப் பாருங்கள். செயலிதான் வேண்டும் என்றால் ‘ஆங்கி’ இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் விலை உண்டு. எம்ஆர்டியில் நான்கு நிறுத்தம் போவதற்குள் அன்றைய அட்டைகள் முடிந்துவிடும்.

அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினால், பார்த்தால் தெரியும், எழுத வராது. முன்பக்கம் ஒரு வாக்கியம் எழுதி, சொல் வர வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் அந்தச் சொல், அதன் துணைச்சொல், நீங்களே எழுதிய இன்னொரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் உங்கள் பள்ளியோ, பேருந்தோ, பாட்டியோ இருக்கட்டும். பொருளுக்கு லாங்மேன், ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாணவர் அகராதிகளை இணையத்தில் பாருங்கள். எளிய சொற்களாலேயே விளக்குவார்கள், துணைச்சொல்லையும் காட்டுவார்கள்.

வாரம் இப்படி ஓடட்டும்

திங்கள்: பட்டியலிலிருந்து நான்கு சொல், அந்த வாரம் பாடநூலில் இடறிய மூன்று சொல். அவையும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஏழு அட்டை, அரை மணி நேரம்.

செவ்வாய், புதன்: அட்டைகளைப் புரட்டப் பத்து நிமிடம். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ஸில் ஒரு கருத்துக்கட்டுரை. அதே செய்தி ‘தமிழ் முரசி’ல் வந்திருந்தால் முதலில் தமிழில் படியுங்கள். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் கண் சொல்லாட்சியைக் கவனிக்கும்.

வியாழன்: ஏழு சொல்லில் ஐந்தை வைத்து 150 சொற்களில் ஒரு பத்தி. ஐந்தையும் திணிக்க முடியவில்லையா? மூன்று போதும். திணித்தது தெரிந்தால் மதிப்பெண் குறையும்.

வெள்ளி: வாய்மொழி. இப்போதைய வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்து, பத்து நிமிடம் தயார்செய்து, இரண்டு நிமிடத்துக்குள் பேச வேண்டும். அதன் பிறகு தேர்வாளரோடு உரையாடல். ஆங்கிலத்தின் மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு இதற்கு. கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து கேளுங்கள். ‘நைஸ்’, ‘ஸ்டஃப்’, ‘திங்ஸ்’ எத்தனை தடவை வந்தன என்று எண்ணுங்கள். அடுத்த பதிவில் அவற்றைக் குறையுங்கள்.

சனி, ஞாயிறு: புதுச் சொல் வேண்டாம். கதைப்புத்தகம் மட்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா? வியாழக்கிழமைப் பத்தியை எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, துணைச்சொல் எங்கே பிசகியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். திருத்தத்தை உங்கள் கையால் செய்யுங்கள்.

எதைப் படிப்பது?

தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்க வேண்டுமானால், சுற்றியுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷனின் ஆய்வுவழி வந்த அளவு. 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். கடினமான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதால் மொழி வளராது.

நம் ஊர் எழுத்திலிருந்து தொடங்குவது சுலபம். இடமும் மனிதர்களும் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லில் மட்டும் கவனம் செலுத்தலாம். ஃபிலிப் ஜெயரத்தினத்தின் ‘ஃபர்ஸ்ட் லவ்ஸ்’ 1987ல் வந்தது, பதின்ம வயதினருக்கு எட்டும் சிறுகதைகள். மூளை அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான கோபால் பரதத்தின் கதைகள் அடுத்த படி. ராஜரத்தினத்தின் லண்டன் காலச் சிறுகதைகளும் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் தேடுங்கள். நூலக வாரிய உறுப்பினராக இருந்தால் ‘லிப்பி’ செயலியில் மின்னூலும் ஒலிநூலும் கிடைக்கும். பழைய புத்தகக் கடைகளுக்கு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் இருக்கிறது.

டியூஷன் செலவு தாங்கவில்லை என்றால், பீட்டி சாலையில் தலைமையகம் கொண்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை விசாரியுங்கள். 1991ல் தொடங்கிய இந்த அமைப்பு, ‘ஸ்டெப்’ என்ற துணைப்பாட வகுப்புகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது.

நேர்முகத்திலும் வேலையிலும்

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கையான இஏஇ-யில், சாதாரண நிலை முடிவு வருவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருகிறார்கள். விண்ணப்பக் கடிதமும் நேர்முகமும் அங்கே தீர்மானிக்கும். பலரும் எழுதுவது ‘ஐ ஆம் வெரி பேஷனட்’. படிப்பவருக்கு இது பழகிப்போன ஓசை. உரிச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள்.

விடுமுறையில் மாமா கடையில் உதவி செய்தீர்களா? ‘ஹெல்ப்ட்’ என்று முடித்துவிடாதீர்கள். சரக்கிருப்பைப் பார்த்துக்கொண்டால் ‘டிராக்ட் ஸ்டாக்’. கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தால் ‘ஹாண்டில்ட் கம்ப்ளெயின்ட்ஸ்’. தீபாவளிக் கூட்டத்தில் எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்தால் ‘பிரயாரிட்டைஸ்ட்’. இணைப்பாட நடவடிக்கையில் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ‘மென்டர்ட்’. செய்த வேலை அதேதான். சரியான வினைச்சொல் கிடைத்ததும் அது திறனாகத் தெரிகிறது.

வேலைப்பயிற்சிக்குப் போனதும் இன்னொரு பாடம். மதிய உணவின்போது ‘கேன் லா’ என்று பேசும் மேலாளரே, வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் ஒரு ‘லா’வும் விடமாட்டார். சிங்கிலிஷ் குறை அல்ல. அது ஒரு கியர், எங்கே மாற்றுவது என்று தெரிய வேண்டும். இரண்டு வகையையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது கூடுதல் சாமர்த்தியம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையிடம் சொல்லின் பொருளைக் கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தியைச் சொல்லி, “நீ என்ன நெனைக்கிற, ஏன்?” என்று கேளுங்கள். எந்த மொழியில் பதில் வந்தாலும் சரி. காரணம் சொல்லப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ‘தேர்ஃபோர்’, ‘நெவர்தலெஸ்’ போட இடம் தெரியும். தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் கூடும் என்று எண்ண வேண்டாம். வாதத்தின் எலும்புக்கூடு எந்த மொழியில் உருவானாலும் மற்றதற்கும் உதவும்.

இந்தத் திங்கட்கிழமைக்கான ஏழு சொற்கள் இதோ, எல்லாம் காக்ஸ்ஹெட் பட்டியலின் முதல் பகுதியிலிருந்து: அனலைஸ், அஸெஸ், அஸ்யூம், எஸ்டாபிளிஷ், இண்டிகேட், இன்டர்பிரெட், சிக்னிஃபிகன்ட். முதல் வாரம் என்பதால் ஏழையும் நானே கொடுத்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து மூன்றை உங்கள் பாடநூலில் நீங்களே தேடிப் பிடியுங்கள்.